பழைய டின்னா, புதிய டின்னா: சுங்கான் புகையிலை வாங்கும் முன்

டிசம்பரில் ஊருக்கு வரும் சித்தப்பா மகன் லண்டனிலிருந்து போன் எடுத்தான். "அண்ணே, சுங்கானுக்குப் புகையிலை கொண்டு வரவா? இங்கே ஒருத்தர்கிட்ட பழைய டன்ஹில் 965 டின் ஒன்னு இருக்கு. சீல் உடையாதது, 1970கள்ல செஞ்சதாம். அவர் கேட்கிற காசுக்கு அதே கலவையில இப்ப வர்ற புதுசு ஆறு டின் வாங்கலாம். எது வேணும்?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் பொறு என்றேன். அந்த இரண்டு நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மலைநாட்டில் சுங்கான், அதாவது பைப், பிடிப்பவர்கள் இப்போது மிகக் குறைவு. ஆனாலும் பழைய பங்களாச் சாமான்களோடு ஒரு சுங்கானோ ஒரு டின்னோ வீட்டில் வைத்திருப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். இதில் எது நல்லது, இது இன்னும் கிடைக்குமா என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகையை உள்ளே இழுக்காததால் சுங்கான் ஆபத்தில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். உதடு, வாய், தொண்டை, நுரையீரல் என்று எல்லா இடத்திலும் புற்றுநோய் வர சுங்கானும் காரணமாகும். வெற்றிலையோடு புகையிலை போட்டு வாய்ப்புற்று வந்தவர்களை நம் தோட்டங்களில் பார்க்காத குடும்பம் குறைவு. என் தாத்தாவும் அப்படித்தான் போனார். நான் ஞாயிறு மாலையில் ஒரே ஒரு தடவை பற்றவைப்பவன், அதுவும் கெடுதல்தான் என்று தெரிந்தவன். பழக்கம் இல்லாத யாரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம்.

அந்தத் தாத்தா டிக்கோயாப் பக்கம் ஒரு பெரிய தொரை பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டு வேலையாளாக இருந்தவர். 1975 அக்டோபரில் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது தொரை புறப்பட்டார். போகிற அன்று தாத்தாவுக்கு ஒரு கம்பளிக் கோட்டும், ஒரு சுங்கானும், திறக்காத மூன்று புகையிலை டின்களும் கொடுத்தார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காத காலம் அது. தொரைக்கே இங்கிலாந்திலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்டதைத் தாத்தா எப்படித் திறப்பார்? டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தார், அப்படியே இருந்தன. ஒன்று கேப்ஸ்டன் ஃபிளேக், மற்ற இரண்டும் டன்ஹில்லின் மை மிக்ஸ்சர் 965. கேப்ஸ்டன் என்றால் நமக்கு சிகரெட்தான் ஞாபகம் வரும். அது சுங்கானுக்கு அழுத்திச் சீவிய வேர்ஜினியா இலைத் தகடாகவும் வந்தது.

ஆக, பழையதையும் புதியதையும் என் நாக்கிலேயே வைத்து ஒப்பிட எனக்கு வாய்த்தது. ஒப்பிட்டதில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை.

புகையிலைக் கலவை என்ன என்பது தேயிலை தெரிந்த நமக்கு லேசாக விளங்கும். ஒரு பெயரில் வரும் தேயிலைப் பக்கெட் பத்து வருடமாக ஒரே ருசியில் இருக்கிறது என்றால், உள்ளே இருப்பது பத்து வருடமும் ஒரே தோட்டத்துக் கொழுந்து என்று அர்த்தமில்லை. ருசி பார்க்கிறவர் அந்தந்த நேரம் கிடைக்கிற தூளையெல்லாம் கலந்து அந்த ருசிக்குக் கொண்டு வருகிறார். எங்கள் டிம்புல பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும் தேயிலையும், ஜூன் மழையில் வரும் தேயிலையும் ஒரே செடியில் பறித்தாலும் ஒன்றல்ல. சுங்கான் புகையிலையும் அப்படியே, பல இலை வகைகளின் கலவை. வேர்ஜினியா இனிப்புக்கு, பேர்லி கனத்துக்கு, துருக்கி கிரேக்கப் பக்கத்து ஓரியன்டல் இலை வாசனைக்கு, விறகுப் புகையில் காயவைத்த லட்டாக்கியா கரும்புகை மணத்துக்கு, லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரே ஒரு வட்டாரத்தில் பீப்பாய்க்குள் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரிக் மிளகுக் காரத்துக்கு. டின் மேல் இருக்கும் பெயர் மாறாமல் இருக்க, உள்ளே இருக்கும் இலை எத்தனையோ தடவை மாறியிருக்கும்.

டன்ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் வீதியில் கடை திறந்தார். வருகிறவரின் விருப்பப்படி இலையைக் கலந்து கொடுத்து, அந்தக் கணக்கை ஒரு புத்தகத்தில் எண் போட்டு எழுதி வைத்தார்கள். லட்டாக்கியா சேர்ந்த 965 அப்படி வந்த ஒரு எண். 1981இல் தயாரிப்பு பெல்ஃபாஸ்டில் இருந்த மரே கம்பனிக்குப் போனது. 2005இல் மரே மூடியபின் டென்மார்க்குக்குப் போனது. 2018க்குப் பிறகு டன்ஹில் என்ற பெயரிலேயே சுங்கான் புகையிலை இல்லை. அதே டென்மார்க் நிறுவனம் அதே கலவைகளை இப்போது பீட்டர்சன் என்ற பெயரில் விற்கிறது. மை மிக்ஸ்சர் 965, நைட்கேப், ஏர்லி மோர்னிங் பைப், ரோயல் யொட் எல்லாம் பீட்டர்சன் டின்னில் கிடைக்கின்றன.

இதில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. "பழைய டன்ஹில்" என்று ஒரு பொருள் கிடையாது. லண்டன் டன்ஹில், பெல்ஃபாஸ்ட் டன்ஹில், டென்மார்க் டன்ஹில் என்று மூன்று இருக்கின்றன. 2010இல் செய்த டின்னை "இனிக் கிடைக்காது" என்று சொல்லி யாராவது பெரிய விலை கேட்டால், அது இன்றைய பீட்டர்சனின் நேர் அண்ணன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த விலை உள்ளே இருக்கும் இலைக்கு அல்ல, மூடியில் இருக்கும் எழுத்துக்கு. தம்பி சொன்ன டின் 1970களில் செய்தது என்பதால் லண்டன் டன்ஹில். அது உண்மையிலேயே வேறு சாமான். ஆனால் வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் 965 டின்களில் ஒன்றை 2009இல் திறந்தேன். அந்த வருடம்தான் தம்பி முதல்முறை லண்டனிலிருந்து வந்தபோது கடையில் புதிதாக வாங்கிய 965 ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பழையதன் மூடியைத் திருகியதும் வந்த வாசனையை இன்னும் மறக்கவில்லை. பழம் ஊறவைத்த பாத்திரத்தைத் திறந்தது போல, பழைய மர அலமாரியைத் திறந்தது போல. பற்றவைத்தபோது மிக மெதுவாக, மிருதுவாக இருந்தது. எந்த இலையும் தனியே எழுந்து நிற்கவில்லை, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டிருந்தது. நன்றாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு புதியதைப் பற்றவைத்தேன். அப்பா இஸ்தோப்பில், வீட்டு முன் விறாந்தையில், உட்கார்ந்திருந்தார். சிறுவனாக இருந்தபோது தாத்தாவுக்கு ஒத்தாசையாகப் பங்களாவுக்குப் போய்வந்தவர் அவர். முந்தின ஞாயிறு பழைய டின் புகைந்தபோது எதுவும் சொல்லாமல் இருந்தவர், இப்போது தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான்டா பங்களா வாசம்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தொரையின் கையிலிருந்து வந்த டின் மற்றதல்லவா? அப்புறம்தான் உறைத்தது. தொரை அந்தப் புகையிலையை முப்பத்து நாலு வருடம் வைத்திருந்து புகைக்கவில்லை. செய்த வருடமோ அடுத்த வருடமோ புகைத்தார். பங்களாத் திரைச்சீலையில் ஏறியிருந்தது புது லட்டாக்கியாவின் முரட்டு மணம், சவுக்கு விறகு அடுப்புக்கு மேலே பரணில் புகை பிடித்த பலகையின் மணம். லட்டாக்கியா வருடம் போகப் போக அடங்கிவிடும் இலை. ஆகவே அந்தக் காலத்து டின்னை இன்று திறந்தால் அந்தக் காலத்து ருசி வராது. அந்தக் காலத்து ருசி முதுமையடைந்து என்னவாயிற்றோ அதுதான் வரும். பழைய ருசிக்குக் கிட்டப் போக வேண்டுமென்றால், இன்று செய்த டின்னே அதற்கு நெருக்கம்.

நெருக்கம் என்றுதான் சொல்கிறேன், அதுவே என்று சொல்லவில்லை. லட்டாக்கியா கலவைகளில் உண்மையாகவே தொலைந்துபோன ஒன்று உண்டு. லட்டாக்கியா என்பது சிரியாவின் துறைமுகம். அந்த ஊர்ப் பெயரையே இலைக்கு வைத்தார்கள். சிரியா மலையில் ஷெக் எல் பிந்த் என்ற இலையை அங்கத்து ஓக், பைன் விறகுப் புகையில் காயவைப்பார்கள். அதன் மணம் மெலிது, கொஞ்சம் திராட்சைச் சாராயம் போன்ற புளிப்பு உள்ளது. சைப்ரஸில் செய்வது வேறு இலை, ஸ்மர்னா வகை. வேறு செடிகளின் விறகு. மணம் கனம், இனிப்பு, தோல் வாசனை. விறகுக்காகக் காடு அழிகிறது என்று சிரியாவில் கட்டுப்பாடு வந்த பிறகு சந்தைக்கு வரும் லட்டாக்கியா அநேகமாக முழுவதும் சைப்ரஸ்தான். ஓரியன்டல் இலைகளும் அப்படியே. முன்பு யெனிட்ஜே, ஸாம்சுன் என்று ஊர்ப் பெயர் சொல்லி வாங்கிக் கலந்தார்கள். இன்று பல டின்களில் வெறும் "ஓரியன்டல்" என்று மட்டும் இருக்கிறது. ஒரு தோட்டத்து மார்க் சொல்லாமல் "மலைநாட்டுத் தேயிலை" என்று மட்டும் போட்ட பக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழப்பின் பெரிய அடையாளம் பால்கன் சொப்ரானி. லண்டனில் 1879இல் தொடங்கிய சொப்ரானி கம்பனியின் கலவை அது. லட்டாக்கியாவும் யெனிட்ஜேயும் வேர்ஜினியாவும் சேர்ந்தது. கைமாறி, தரம் குறைந்து, நின்றே போனது. 2011இல் ஜெர்சித் தீவின் ஜெர்மேன் கம்பனி அதே பெயரில் மறுபடி செய்யத் தொடங்கியது. நான் அதை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், அருமையான புகையிலை. ஆனால் அது பழைய பால்கன் சொப்ரானியா என்று கேட்டால், அந்தப் பெயருக்கு மரியாதை செய்து செய்த புதுக் கலவை என்பேன். அப்படி எடுத்துக்கொண்டு புகைப்பவருக்கு ஏமாற்றம் இராது.

வேர்ஜினியாவில் கதை தலைகீழ்.

தாத்தாவின் கேப்ஸ்டன் டின்னை 1998இல் திறந்தேன். குறைந்தது இருபத்து மூன்று வருடம் மூடியே கிடந்தது. தகடுகள் கருஞ்சிவப்பாகி, மேலே சீனித்துகள் போலச் சின்னச் சின்ன மினுக்கல் இருந்தது. வாசம் அத்திப்பழம், கொஞ்சம் காடி. புகைத்தபோது நாக்கில் ஒரு எரிச்சல் கிடையாது. பிறகு புதிதாகச் செய்த கேப்ஸ்டனையும் புகைத்துப் பார்த்தேன். பழைய பிரிஸ்டல் வில்ஸ் கம்பனியின் கேப்ஸ்டனை டென்மார்க்கின் மெக் பாரன் கம்பனி எடுத்துச் செய்தது. நல்ல இலை, சுத்தமான வெட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதுவைக்கோல் வாசமும் எலுமிச்சைத் துடுக்கும் உள்ள இளசு. வேகமாக இழுத்தால் நாக்கு எரிகிறது.

வேர்ஜினியாவில் சர்க்கரை அதிகம். மூடிய டின்னுக்குள் ஐந்து வருடம், பத்து வருடம் கிடந்தால் அது இன்னும் பழுத்து இருண்டு இனிக்கும். தேயிலைக்கு இந்த வரம் இல்லை. தூள் பழசானால் பழசுதான். ஆகவே வேர்ஜினியாவில் பழைய டின்னுக்குக் கூடக் கொடுக்கும் காசில் நியாயம் இருக்கிறது, டின் சரியாக இருந்தால். இன்னொன்றும் இருக்கிறது. வருடத்தை நாமே சேர்க்கலாம். இன்று வாங்கும் டின்னின் அடியில் தேதி எழுதி வைத்தால் பத்து வருடம் கழித்து அது பழைய டின்.

எந்தப் புது வேர்ஜினியாவை வைப்பது என்றால், என் கை போவது இங்கிலாந்து கெண்டலில் 1792இலிருந்து இருக்கும் சாமுவேல் கேவித்தின் ஃபுல் வேர்ஜினியா ஃபிளேக்குக்கு. அழுத்தத்திலும் சூட்டிலும் கருத்த அகலத் தகடுகள். 2015இல் கேவித் ஹொகார்த் என்ற பங்காளிக் கம்பனியோடு சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் செய்முறை பழசாகவே இருக்கிறது. "பழைய காலத்துப் புகையிலை" வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பழைய டின்னைவிட இந்தப் புது டின்னைத்தான் காட்டுவேன்.

இலையே முன்போல இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியின் மெக்லெலன்ட் கம்பனி 2018இல் மூடியபோது சொன்ன காரணங்களில் ஒன்று, தாங்கள் எதிர்பார்க்கும் தரத்தில் இலை கிடைக்கவில்லை என்பது. சிகரெட் கம்பனிகள் விவசாயியோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு, தங்களுக்கு வேண்டிய இலையைத்தான் பயிரிடச் செய்கின்றன. சுங்கானுக்கு வாங்குபவர் சிறியவர், அவருக்காக யாரும் தனியாகப் பயிரிடப் போவதில்லை. ஹங்குராங்கெத்த, தெல்தெனிய பக்கம் நம் ஊர்ப் புகையிலைச் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே காயும் இலையும் சிகரெட்டுக்குப் போவதுதான்.

வாசனை போட்ட கலவைகளை நீளமாகப் பேச வேண்டியதில்லை. வெனிலா, செர்ரி, விஸ்கி வாசனைகள் டின்னில் கிடக்கக் கிடக்கப் பறந்துவிடும். அவற்றில் பழசு வாங்குவது வீண்செலவு. புதியவற்றில் பலவற்றுக்கு ஈரம் காயாதிருக்க புரோபிலீன் கிளைக்கோல் சேர்க்கிறார்கள், அது மலைநாட்டுக் குளிரில் இன்னும் நசநசக்கும். பேர்லிக் கலவைகள் காலத்தால் அவ்வளவு மாறுவதில்லை. 1907இல் அமெரிக்காவில் வந்த பிரின்ஸ் அல்பர்ட் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எளிமையான புகையிலை, எந்த வருடத்ததை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இனி நம் ஊர் வானிலை. பழைய டின் வாங்க நினைப்பவர் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும், இது எனக்கு நஷ்டத்தில் வந்த பாடம். தாத்தாவின் இன்னொரு 965 டின், பெட்டியின் ஓரமாகச் சுவரை ஒட்டிக் கிடந்தது. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை எங்கள் சுவர் வியர்க்கும். டின்னின் அடிவிளிம்பில் ஊசிமுனை அளவு துருத்துளை. திறந்தால் உள்ளே இருந்தது உலர்ந்த தூசி, ஒரு மூலையில் வெள்ளைப் பூஞ்சை. வாயிலேயே வைக்க முடியாது. பிறகு ஒருமுறை ஆசைப்பட்டு வெளிநாட்டில் ஒரு சேகரிப்பாளரிடம் பழைய டின் ஒன்றை வரவழைத்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. கையில் எடுத்துக் குலுக்கியதும் உள்ளே கலகலத்தது. காற்றுப் புகாத டின்னில் புகையிலை ஈரமாக ஒட்டிக்கிடக்கும், கலகலக்காது. விற்றவர் காசைத் திருப்பித் தரவில்லை. ஆகவே பழைய டின்னை நேரில் எடுத்துக் குலுக்கிப் பார்க்க முடியாவிட்டால் வாங்காதீர்கள். அடியையும் மூடி ஓரத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். துரு பொரிந்தால் விட்டுவிடுங்கள்.

புது டின்னுக்கு எதிர்ச் சிக்கல். கேவித் தகடுகள் டின்னிலிருந்தே ஈரமாக வரும். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ மழைநாளில் அதை அப்படியே திணித்தால் பற்றவே பற்றாது. பற்றினாலும் சுங்கான் அடியில் தண்ணீர் நிற்கும். நான் ஒரு தகட்டை உதிர்த்துத் தாளில் பரப்பி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். கொழுந்து வாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விரலால் அமுக்கிப் பதம் பார்ப்பது புதிதில்லை. அமுக்கினால் சேர வேண்டும், விட்டால் மெல்லப் பிரிய வேண்டும். திறந்த டின்னைக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி இறுக மூடுங்கள். சேமித்து வைக்கும் டின்களைச் சுவரில் படாமல், பலகை மேல், இருட்டான அலமாரியில் வையுங்கள்.

வாங்கி வைப்பதற்கு இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. பீட்டர்சன் புகையிலைகளைச் செய்யும் டென்மார்க் நிறுவனம் 2024இல் மெக் பாரனையும் வாங்கிவிட்டது. பெரிய பெயர்கள் ஒரே கைக்குள் வந்தபின் எது எப்போது நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. பிடித்த ஒன்று கையில் கிடைக்கும்போது இரண்டு கூட எடுத்து வைப்பதை நான் பேராசை என்று நினைக்கவில்லை. வெளியூரிலிருந்து வருபவர் கொண்டுவருவதானால் சுங்கப் பிரிவில் கேட்டு, கட்ட வேண்டியதைக் கட்டியே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒளித்துக் கொண்டுவரும் அளவுக்குப் பெரிய சமாச்சாரம் இல்லை இது.

இரண்டாம் நாள் இரவு தம்பிக்கு போன் எடுத்தேன். அந்தப் பழைய 965 வேண்டாம் என்றேன். அவனுக்கு ஆச்சரியம். "தாத்தா வச்சிருந்ததே அதுதானே அண்ணே?" என்று கேட்டான். கேப்ஸ்டனாக இருந்து, நீ கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்க முடிந்தால் நானே யோசித்திருப்பேன், லட்டாக்கியாவுக்கு அந்தக் காசு அதிகம் என்றேன். பீட்டர்சன் 965 ஒன்று போதும், அது அப்பா இஸ்தோப்பில் உட்காரும் மாலைக்கு. மீதிக் காசில் ஃபுல் வேர்ஜினியா ஃபிளேக் மூன்று. அவற்றில் ஒன்றை ஜனவரியில் திறப்பேன், மற்ற இரண்டின் அடியிலும் வருடத்தை எழுதி டிரங்குப் பெட்டிக்குள் வைப்பேன், இந்த முறை சுவரை விட்டுத் தள்ளி.